கேள்வி கேட்க ஓர் ஆள்

புஷ்பவல்லிக்கு இண்டர்வியூவுக்கு முந்தின அந்தப் பதினைந்து நாளும் வேண்டியிருந்ததெல்லாம் கேள்வி கேட்க ஓர் ஆள். பதில் அவளிடம் இருந்தது. மூன்று வருஷம் நர்ஸ் படிப்பு படித்துப் பாஸ் செய்து, சர்டிபிகேட்டைத் தகரப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தாள். கேட்கத்தான் நாதியில்லை. ராயபுரத்தில் அவ்வளவு ஜனம் இருந்தும் இல்லை. அந்த ஜனத்தில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் ஒளித்து வைத்தது போலாகிவிடும்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் அது. நான், கருணாகரன், ரயில்வே கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா. வயது இருபத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை. வியாகுலம்மாள் வீட்டின் பின்கட்டில் ஆறு வருஷமாகக் குடியிருந்தேன். வியாகுலம்மாள் கிடங்குகளுக்குச் சாக்கு தைப்பவள். கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, கோணி ஊசியும் சணலுமாகக் காலையிலிருந்து விளக்கு வைத்த பிறகும் தைத்துக்கொண்டிருப்பாள். அவள் புருஷன் துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற வேலையில் இருந்தவர், நாலு வருஷத்துக்கு முன்னால் விபத்தில் செத்துப் போனார். மாதா படத்துக்குக் கீழே அவர் படம் மாட்டியிருக்கும். படத்தின் அடியில் 'லூர்து, 1949' என்று வெள்ளை எழுத்தில் இருக்கும்.

சமையலறையை ஒட்டி, முன்பு விறகு போட்டு வைத்திருந்த அறையில்தான் புஷ்பவல்லி குடிவந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. கூடத்துப் பேச்சும் அதன் வழியாக எனக்குக் கேட்கும். அவள் தும்மினால் நான் 'நூறு வயசு' சொல்லலாம். சொன்னதில்லை.

நெட்டுக்குப்பத்துப் பெண் அவள். அப்பா சிறுவயதிலேயே போய்விட்டார். படிப்பில் கெட்டிக்காரி என்று பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஒருத்தி பிடித்த பிடியில் நர்ஸ் படிப்புக்கு வந்தவள். படித்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவும் போய்விட்டாள். மிச்சம் அண்ணன் தண்டபாணி. அவன் நல்லவன்தான். ஆனால் நல்லவனாக இருப்பதற்கு மட்டும்தான் அவனுக்குத் தெம்பு இருந்தது, பெண்டாட்டியை எதிர்த்துப் பேச இல்லை. ஊரான் உடம்பையெல்லாம் தொட்டுக் கழுவினவளை வீட்டுக்குள் சேர்க்க முடியாது என்று அவள் சொல்லிவிட்டாள். மீஞ்சூரில் பெண்டாட்டியை இழந்த ஒருவனுக்கு இரண்டாந்தாரமாகப் பேசி வைத்திருந்தார்கள். வேலை கிடைத்தால் உன் இஷ்டம், கிடைக்காவிட்டால் தை மாதம் கல்யாணம் என்று அண்ணன் கார்டு எழுதியிருந்தான். அதற்கு அடுத்த வாரம்தான் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை ஆஸ்பத்திரியிலிருந்து இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்தது. ஆக, அந்த இண்டர்வியூவுக்கு அந்தப் பக்கம் வேலை, இந்தப் பக்கம் மீஞ்சூர்.

முன்னால் அங்கே போய் வந்த ஒரு பெண் அவளிடம் சொல்லியிருந்தாள்: புத்தகத்தில் இருப்பதை அவர்கள் கேட்க மாட்டார்கள். 'இப்படி ஒரு நோயாளி வருகிறான், டாக்டர் இல்லை, நீ என்ன செய்வாய்?' என்று கேட்பார்கள். யோசித்தால் போச்சு. கை தானாகச் செய்வது மாதிரி வாய் தானாகச் சொல்ல வேண்டும்.

புஷ்பவல்லி முதலில் தானே கேட்டுத் தானே சொல்லிப் பார்த்தாள். தனியாகத் தாயம் ஆடுவது மாதிரி அது. விழ வேண்டிய எண் எப்போதும் விழுந்துவிடும். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் கேட்டுக்கொண்டிருப்பேன். 'ஒரு ஆள் மயங்கி விழுந்துட்டான்' என்று ஒரு குரலில் சொல்வாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டு பதில் சொல்வாள். மூன்றாம் நாள் அந்த இரண்டு குரலும் நின்றுபோயின. அழுகிறாள் என்று தெரிந்தது. நான் செய்தித்தாளைச் சத்தமாகப் புரட்டினேன். அதுதான் என்னால் முடிந்த ஆறுதல்.

மறுநாள் குழாயடியில் அவளே என்னிடம் வந்தாள்.

"சார், ஒரு ஒத்தாசை. கேள்வியெல்லாம் நான் காகிதத்துல எழுதித் தரேன். நீங்க சும்மா படிச்சாப் போதும். கூடத்துலயே குந்திக்கலாம், அக்காவும் இருப்பாங்க."

ஆபீசில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்றேன். பொய். அந்த மாதம் கூட்ஸ் ஆபீசில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டுக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்கிற பயம் எனக்கு. அவள் "செரி சார்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. இல்லை என்று கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் வியாகுலம்மாள் எதிரில் போய் உட்கார்ந்தாள். வியாகுலம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் கேள்வியை இவள் சொல்லித்தர வேண்டும், அவள் திருப்பிக் கேட்க வேண்டும்.

"ஒரு ஆளு மயங்கி வுயுந்துட்டான், இன்னா செய்வே? இப்படிக் கேளுங்க யக்கா."

"எந்த ஆளு?"

"எந்த ஆளா இருந்தா இன்னா யக்கா. ஒரு ஆளு."

"பேரு இல்லாத ஆளு எங்கனா கீறானா? பேரச் சொல்லு, அப்பால கேக்கறேன்."

"அய்யாத்துரைன்னு வெச்சிக்கங்களேன்."

வியாகுலம்மாள் ஊசியைக் கீழே போட்டுவிட்டுச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாளாம். "அடிப்பாவி, சோடாக்கடை அய்யாத்துரை நல்லா குந்திகினு கீறாரு. அவரு மேல எதுக்கு நோவ ஏத்தறே? உசுரோட கீறவங்க பேரு வாணாம். செத்தவங்க பேராப் பாத்துச் சொல்லு. அவங்களுக்குத்தான் இனிமே ஒண்ணும் வராது."

இப்படித்தான் அந்த வீட்டுக்கு இறந்தவர்கள் வர ஆரம்பித்தார்கள். புஷ்பவல்லிக்கு ராயபுரத்தில் இறந்தவர்களைத் தெரியாது. வியாகுலம்மாளுக்கு எல்லாரையும் தெரியும். தோல் மண்டி அத்தாவுல்லா பாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். ராசையா சர்க்கரை வியாதியில் காலில் புண்ணோடு வந்தான். அடுப்பில் விழுந்த குழந்தை ஒன்று வந்தது. சாயங்காலத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர். கேள்விகள் புஷ்பவல்லி சொல்லித்தந்தபடி இல்லை. அதுதான் விசேஷம்.

"பாய்க்கு ரெண்டு சம்சாரம். ரெண்டு பேரும் வாசல்ல நின்னுகினு அழுவறாங்க. ஆரை மொதல்ல உள்ள வுடுவே?"

"ராசையா ஆரு சொன்னாலும் கேக்க மாட்டான். கட்ட அவுத்துட்டு ஓடுவான். அப்போ இன்னா செய்வே?"

எந்தப் புத்தகத்திலும் இல்லாத கேள்விகள். புஷ்பவல்லி முதலில் திணறினாள், பிறகு சிரித்தாள், பிறகு அவள் வாய் தானாகச் சொல்லத் தொடங்கியது. 'நோயாளி' என்ற சொல்லே அவள் பேச்சிலிருந்து போய்விட்டது. பாயைச் சாய்த்து உட்கார வைப்பேன், ராசையா காலைக் கழுவுவேன் என்றுதான் சொன்னாள். அவள் சிரித்ததை அதற்கு முன் நான் கேட்டதில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது என்றால் நம்புவீர்களா? காகிதத்தைப் படித்தால் போதும் என்றுதானே என்னிடம் கேட்டாள்.

ஒரு நாள் வியாகுலம்மாள் கேட்டாள், "உங்கம்மா பேரு இன்னா?"

"கன்னியம்மா."

"எப்படிப் போனாங்கோ?"

"வாந்தியும் பேதியும். நான் வார்டுல டூட்டில இருந்தேன். கார்டு வந்து சேர நாலு நாளாயிடுச்சி."

"செரி. கன்னியம்மாவுக்கு இன்னா செய்வே?"

 புஷ்பவல்லி சொன்னாள். காய்ச்சின தண்ணியில் உப்பும் சர்க்கரையும் போட்டு ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுப்பேன், நாடி பார்ப்பேன், டாக்டரைக் கூப்பிட்டுக் குளூக்கோஸ் ஏற்றச் சொல்வேன், துணியெல்லாம் தனியாக வைத்துக் கொதிக்கப் போடுவேன். கடைசியில், "வுட்டுட்டு எங்கயும் போவ மாட்டேன்" என்றாள். வியாகுலம்மாள் அவள் தலையில் கை வைத்திருப்பாள் என்று நினைக்கிறேன். பலகை வழியாகப் பார்க்க முடியாது.

இண்டர்வியூவுக்கு நாலு நாள் இருக்கும்போது அது நடந்தது.

"இன்னிக்கு எங்க வூட்டுக்காரர வெச்சிக்கோ" என்றாள் வியாகுலம்மாள்.

அவள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். ரேஷன் கார்டு எழுத வந்த ஆள் கேட்டபோதுகூட என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீ சொல்லு" என்றவள். புஷ்பவல்லி படத்தின் அடியில் இருந்ததைப் படித்து, "லூர்து மாமாவா?" என்றாள்.

"ஆமா. ஆர்பர்ல வேலை. கயிறு அந்து இரும்புத் தகடு வுயுந்து கையில வெட்டிடுச்சி. இதோ, தோளுக்குக் கீய. ரத்தம் கொட்டுது. இன்னா செய்வே?"

எழுந்து போய் நிறுத்தியிருக்கலாம் நான். என்னவாவது சொல்லி, தண்ணீர் கேட்டாவது நிறுத்தியிருக்கலாம். உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன்.

புஷ்பவல்லி ஓடுகிற தண்ணீர் மாதிரி சொன்னாள். "லூர்து மாமாவ மொதல்ல கீய படுக்க வெப்பேன். குந்த வெக்க மாட்டேன். கையத் தூக்கிப் பிடிப்பேன். சுத்தமான துணிய மடிச்சி வெட்டு மேல அயுத்துவேன். அப்பவும் நிக்கலன்னா மேல இறுக்கிக் கட்டுவேன். கட்டின நேரத்தக் குறிச்சி வெப்பேன். நேரா ஆஸ்பத்திரிதான். வழியில எங்கயும் நிறுத்தக்கூடாது."

"வூட்டாண்ட?"

"வூட்டாண்டயும் கூடாது யக்கா."

"காப்பி குடுக்கலாமா? தொண்ட வறளுதுன்றாரு."

"ஒரு வாய்கூடக் கூடாது. அங்க போனா மயக்க மருந்து குடுப்பாங்க."

"சட்ட பூரா ரத்தம். அதோடவேவா ஆஸ்பத்திரிக்கு அனுப்பறது? நாலு பேரு பாப்பாங்களே. வேற சட்ட மாத்தலாமா?"

"மாத்தவே கூடாது யக்கா. கையை அசைச்சா இன்னும் கொட்டும். கத்தரிக்கோலால வெட்டித்தான் எடுக்கணும். கட்ட அவுக்கவே கூடாது. அவுத்தா உசுருக்கே ஆபத்து."

சாக்கில் ஊசி நுழைகிற சத்தம் நின்றது. வியாகுலம்மாள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "யக்கா, தப்பா சொல்லிட்டேனா?" என்று புஷ்பவல்லி கதவுக்கு வெளியே நின்று இரண்டு தடவை கேட்டாள்.

தப்பில்லை. ஒரு சொல்கூடத் தப்பில்லை.

லூர்துவை அன்றைக்குக் கை ரிக்‌ஷாவில் உட்கார வைத்து முதலில் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தார்கள். அவரே அப்படிக் கேட்டாராம். கூட வேலை செய்தவன் யாரோ புத்திசாலி, தோளை ஒட்டித் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தான். வியாகுலம்மாள் ஓடிப்போய்க் காப்பி கொண்டுவந்தாள். முகத்தைத் துடைத்தாள். பெட்டியைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை எடுத்தாள். பெரிய டாக்டர்கள் இருக்கிற இடத்துக்குப் புருஷனைக் கசாப்புக்கடையிலிருந்து வந்தவர் மாதிரி அனுப்ப அவளுக்கு மனம் இல்லை. அது பகட்டு இல்லை, மரியாதை. எங்கள் தெருவில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். கட்டு இருந்ததால் கை சட்டைக்குள் போகவில்லை. அந்தத் துண்டை அவிழ்த்தவன் நான். கையைச் சட்டைக்குள் நுழைத்துப் பொத்தான் போட்டுவிட்டவனும் நான்தான். மறுபடி கட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சட்டை வெள்ளையாக இருந்தது, அதைப் பார்த்து எல்லாரும் தைரியமாகிவிட்டோம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பாலம் தாண்டும் முன்பே அவர் போய்விட்டார் என்று ரிக்‌ஷாக்காரன் வந்து சொன்னான்.

நாலு வருஷமாக அது விதி என்று இருந்தது. புஷ்பவல்லி ஐந்து நிமிஷத்தில் அதை எங்கள் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

மூன்று நாள் வியாகுலம்மாள் யாரோடும் பேசவில்லை. விடியற்காலைப் பூசைக்குப் போய்வருவாள், சாக்கு தைப்பாள். புஷ்பவல்லிக்குச் சோறு மட்டும் தட்டில் மூடி அறை வாசலில் இருக்கும். கேள்வி இல்லை, இறந்தவர்கள் யாரும் வரவில்லை. தடுப்புக்கு அப்பால் புத்தகம் புரட்டுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. கடைசி நாள் குழாயடியில் நான்தான் அவளிடம் நடந்ததைச் சொன்னேன். சட்டை வரைக்கும் சொன்னேன். துண்டை யார் அவிழ்த்தது என்று சொல்லவில்லை.

அவள் குடம் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நீங்களாச்சும் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்" என்றாள்.

இண்டர்வியூவில் மூன்று பேர். ஒரு டாக்டர், ஒரு மானேஜர், வயதான ஒரு மேட்ரன். அங்கே நடந்ததை அவளே பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதல் இரண்டு கேள்விக்கு இங்கிலீஷில் நன்றாகவே சொல்லியிருக்கிறாள். மூன்றாவதாக டாக்டர் கேட்டார். பட்டறையில் தகடு விழுந்து ஒரு தொழிலாளிக்கு மேல்கையில் ஆழமான வெட்டு. டாக்டர் ஊரில் இல்லை. நீ தனியாக இருக்கிறாய். என்ன செய்வாய்?

அவளுக்கு இங்கிலீஷ் எங்கேயோ போய்விட்டது. "லூர்து மாமாவ மொதல்ல படுக்க வெப்பேன்" என்று ஆரம்பித்துவிட்டாள்.

"யாரை?" என்றார் டாக்டர்.

மானேஜர் சிரித்துவிட்டார். இவளுக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. வேலை போய்விட்டது, இனி மீஞ்சூர்தான் என்று தெரிந்துவிட்டதாம். போனது போகட்டும் என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். கேள்வி கேட்க ஆள் இல்லாதது, சாக்கு தைக்கிற அக்கா, செத்தவர்கள் பெயர், வெள்ளைச் சட்டை எல்லாம். சொல்லிவிட்டு, கேட்ட கேள்விக்கு முதலிலிருந்து கடைசிவரை பதிலையும் சொன்னாள். 'லூர்து மாமா' என்றேதான் சொன்னாள். மாற்றிச் சொல்ல வரவில்லை.

அதுவரை வாய் திறக்காத மேட்ரன் கேட்டாள், "நான் சட்டை மாத்தாம இருந்திருந்தா அவர் பிழைச்சிருப்பாரான்னு அந்தம்மா உன்னைக் கேட்டா, என்ன சொல்லுவே?"

"தெரியல மேடம். ஆமான்னு சொல்ல எனக்கு வாய் வராது. இல்லைன்னு சொன்னா நான் படிச்சது பொய்."

கடிதம் போடுகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அவள் திரும்பி வந்தபோது சாயங்காலம். மழை தூறிக்கொண்டிருந்தது. வியாகுலம்மாள் கூடத்தில் தைத்துக்கொண்டிருந்தாள். புஷ்பவல்லி செருப்பைக் கழற்றிவிட்டு அவளைத் தாண்டித் தன் அறைக்குப் போகப் பார்த்தாள்.

"இன்னா கேட்டாங்கோ?"

நாலு நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"கேஸு குடுத்தாங்க யக்கா. கையில வெட்டு."

"ஆரு பேரு வெச்சே?"

"அவங்க பேரு கேக்கல. நான்தான் வாய் தவறிச் சொல்லிட்டேன். மாமா பேர."

நான் தடுப்போடு ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். மழைச் சத்தத்தில் ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாது என்று மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"படுக்க வெச்சியா?"

"படுக்க வெச்சேன் யக்கா."

"வூட்டாண்ட இட்டாந்தாங்களா?"

"இல்ல. நேரா ஆஸ்பத்திரி."

"காப்பி?"

"குடுக்கல."

"கட்டு?"

"அவுக்கல. ஆரையும் அவுக்க வுடல."

"சட்ட?"

"கத்தரிச்சிட்டேன்."

ஊசியைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு வியாகுலம்மாள் கேட்டாள். "லூர்து பொயச்சிக்கினாரா?"

அந்தப் பெயரை அவள் வாயால் நான் கேட்டது அந்த ஒரே தடவைதான். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"பொயச்சிக்கினாரு யக்கா" என்றாள் புஷ்பவல்லி.

வியாகுலம்மாள் அழுதாள். நாலு வருஷத்துக்கு முன் ரிக்‌ஷாக்காரன் வந்து சொன்னபோதுகூட அவள் அப்படி அழவில்லை. அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, "ஈரத்துல நிக்காத, வந்து துன்னு" என்றாள்.

பன்னிரண்டு நாள் கழித்து வேலைக்குச் சேரச் சொல்லிக் கடிதம் வந்தது. கடிதத்தின் அடியில் மேட்ரன் கையெழுத்து இருந்தது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே தங்க இடம் உண்டு. மீஞ்சூர் வேண்டாம் என்று அண்ணனுக்கு ஒரு கார்டு போட்டாயிற்று.

கிளம்புகிற அன்று அவள் தகரப் பெட்டியை நான் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் போனேன். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது. இந்தத் தைரியம் ஒரு மாதம் முன்னால் வந்திருக்கலாம். திருவொற்றியூர் பஸ் வரத் தாமதமாயிற்று. 

"சார், நீங்க கடைசி வரைக்கும் ஒரு கேள்விகூடக் கேக்கலியே" என்றாள். குத்திக் காட்டவில்லை, சும்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

கேள்வி என்னிடம் இருந்தது. அவள் வியாகுலம்மாளுக்குச் சொன்னது மாதிரி எனக்கும் ஏதாவது சொல்வாள் என்று தெரியும். கட்டை அவிழ்த்த ஆள் வந்து கேட்டால் அவனுக்கு என்ன செய்வாய்? அவ்வளவுதான் கேள்வி. ஒரு மூச்சில் கேட்டுவிடலாம். நாக்கு வரைக்கும் வந்தது.

பஸ் வந்துவிட்டது. பெட்டியை உள்ளே ஏற்றிக் கொடுத்தேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னையே பார்த்தாள், ஏதோ கேட்கப் போகிறேன் என்று அவளுக்கும் பட்டிருக்கிறது.

"குடை எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எடுத்துக்கிட்டேன் சார்" என்றாள்.